படம் விழாத கண்கள் யார் கணக்கில்?

சென்ற ஆண்டு எங்கள் ஊர்த் திருமண மண்டபம் ஒன்றில் நீரிழிவு நோயாளிகளுக்கான இலவசக் கண் பரிசோதனை முகாம் நடைபெற்றது. பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மருந்து உட்கொண்டுவரும் என் அக்கா, எழுபத்தோரு வயதில், அண்டை வீட்டாருடன் அதற்குச் சென்று வந்தார். ஒரு கருவியின் முன் முகவாயை வைத்து அமரச் சொன்னார்கள், ஒளி மின்னியது, சிறிது நேரத்தில் ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் அச்சாகியிருந்த அந்தச் சீட்டை அவர் மருந்துச் சீட்டுகளோடு ஒரு துணிப்பையில் பத்திரப்படுத்தினார். "கம்ப்யூட்டரே பார்த்துவிட்டது, ஒன்றும் சொல்லவில்லை" என்று எங்களிடம் தொலைபேசியில் நிம்மதியாகக் கூறினார்.

ஐந்து மாதம் கழித்து ஊருக்குச் சென்றபோது அந்தப் பையைத் தற்செயலாகப் புரட்டினேன். இரு கண்களின் படங்களும் மதிப்பிடத்தக்க தரத்தில் இல்லை என்று அந்தச் சீட்டில் எழுதியிருந்தது. அதாவது, அக்காவுக்குப் பரிசோதனையே நடைபெறவில்லை. அடுத்த வாரம் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரு கண்களிலும் கண்புரை. வலக்கண்ணில் அதற்குப் பின்னால் நீரிழிவு விழித்திரை நோய் முற்றிய நிலையில் இருந்தது.

யாரையும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. முகாமை நடத்தியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் நடத்தினார்கள். கருவியும் பொய் சொல்லவில்லை. தன்னால் பார்க்க இயலவில்லை என்பதை அது நேர்மையாகவே சொல்லியிருந்தது. ஆனால், மறுநாள் நாளிதழ்ச் செய்தியில் இடம்பெற்ற 'பரிசோதிக்கப்பட்டோர்' எண்ணிக்கையில் அக்காவும் ஒருவர். நான் மருத்துவன் அல்லன்; பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எண்ணிக்கையில் நேரும் இத்தகைய பிழைகள் மனிதர்களை என்ன செய்யும் என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் பேசியிருக்கிறேன். அதே பிழையை என் வீட்டுத் துணிப்பையில் கண்டதால் இக்கட்டுரை.

முதலில் நோயைப் பற்றி. நீரிழிவு நெடுங்காலம் நீடிக்கும்போது விழித்திரையின் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. தொடக்கத்தில் ஊசிமுனை அளவிலான வீக்கங்கள் தோன்றும்; பிறகு குருதியும் நீரும் கசியும்; குழாய்கள் அடைபடும்போது வலுவற்ற புதிய குழாய்கள் முளைத்து, அவை உடைந்து கண்ணுக்குள் குருதி பெருகும். விழித்திரையின் மையப் பகுதி பாதிக்கப்படாத வரையில் பார்வை தெளிவாகவே இருக்கும் என்பதுதான் இந்நோயின் சூழ்ச்சி. நோயாளி தானாக உணரும் நேரத்தில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். உரிய நேரத்தில் கண்டறிந்தாலோ லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தும் பார்வை இழப்பைப் பெருமளவு தடுக்க வல்லவை. ஆகவேதான், குறை இருக்கிறதோ இல்லையோ, நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன நீரிழிவாளர்களுள் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு விழித்திரை நோய் இருப்பதாகவும், நூற்றுக்கு நால்வருக்கு அது பார்வையைப் பறிக்கும் நிலையில் இருப்பதாகவும் 2022-இல் வெளியான மற்றொரு தேசிய அளவிலான ஆய்வு கூறியது. இத்தனை கோடிக் கண்களையும் ஆண்டுக்கொரு முறை பார்ப்பதற்கு நம்மிடம் கண் மருத்துவர்கள் இல்லை. படத்தைப் பார்த்து நோயைக் கண்டறியும் கணினி நிரல்கள் இந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்யும் என்ற நம்பிக்கை நியாயமானதே.

அந்த நம்பிக்கையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் 'ஜாமா' இதழில் வெளியிட்ட ஆய்வில், கணினிக்குப் பயிற்சியளிக்க 1,28,175 விழித்திரைப் படங்கள் பயன்படுத்தப்பட்டன. அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவின் மூன்று கண் மருத்துவமனைகளிலிருந்தும் அவை பெறப்பட்டன. மதுரையில் தோன்றிய அரவிந்தும் சென்னையின் சங்கர நேத்ராலயாவும் அவற்றுள் அடங்கும். நோயைத் தவறவிடாமைக்கு முதன்மை தரும் அமைப்பில் ஒரு தொகுப்பில் 97.5 விழுக்காடு நோயாளிகளை அந்நிரல் சரியாகக் கண்டறிந்தது. 2018 ஏப்ரலில், மருத்துவரின் துணையின்றித் தானே முடிவு கூறும் ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. இவை உண்மையான சாதனைகள். ஆனால், கணினியின் கணக்கு படம் கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. படம் கிடைப்பது எளிதன்று.

கண்ணின் நடுவே கருவட்டமாகத் தெரியும் கண்மணி ஒரு சாளரம் போன்றது. கேமராவின் ஒளி அதன் வழியே உள்ளே சென்று, விழித்திரையில் பட்டு, அதே வழியே திரும்ப வேண்டும். அறை இருட்டாக இருந்தால் கண்மணி விரியும், வெளிச்சத்தில் சுருங்கும். சாளரம் சுருங்கினால் படத்தின் ஓரங்களில் இருள் கவியும். ஒரு கண்ணைப் படமெடுக்கும் ஒளியே மறுகண்ணின் மணியையும் சுருக்கிவிடும். ஆகவே இரண்டாம் படத்துக்குச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். வரிசை நீளும்போது முதலில் கைவிடப்படுவது இந்தக் காத்திருப்புதான். இமை தாழ்ந்தாலும், தலை அசைந்தாலும், லென்ஸில் தூசு படிந்தாலும் படம் கெடும். கண்புரை உள்ளவர்களின் விழித்திரை பனிமூட்டத்துக்குப் பின்னால் இருப்பதைப் போலத்தான் பதிவாகும். தொடக்க நிலை நோயின் அடையாளமான ஊசிமுனை வீக்கங்கள் அத்தகைய படத்தில் தெரியாமற்போகும்.

இதனால்தான் பெரும்பாலான நிரல்களில் ஒரு வாயிற்காவலன் அமர்த்தப்பட்டிருக்கிறான். நோய் உண்டா என்று பார்ப்பதற்கு முன், படம் பார்க்கத்தக்கதா என்று நிரல் முடிவு செய்கிறது. தரம் போதாத படத்தை அது திருப்பி அனுப்பிவிடும். தெளிவற்ற படத்தைப் பார்த்து 'நோயில்லை' என்று கூறுவதைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால், திருப்பி அனுப்பப்பட்ட மனிதர் அதன் பிறகு எங்கே போகிறார்?

இக்கேள்விக்கு விடை தேட ஏற்ற இடம் தாய்லாந்து. அங்கும் நம்மைப் போன்றே நீரிழிவாளர்கள் மிகுதி. விழித்திரை வல்லுநர்கள் குறைவு. சுகாதார மையங்களில் செவிலியர்கள் படமெடுத்து வல்லுநர்களுக்கு அனுப்புவார்கள். முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். 2018 நவம்பர் முதல் 2019 ஆகஸ்ட் வரை பதும்தானி, சியாங் மாய் மாகாணங்களின் 11 மையங்களில் கூகுளின் நிரல் எவ்வாறு பயன்படுகிறது என்பதை அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களே நேரில் இருந்து கவனித்தார்கள். 2020-இல் வெளியான அவர்களது கட்டுரை, தன் தயாரிப்பின் குறையைத் தானே எடுத்துச் சொன்ன அரிய ஆவணம். முதல் ஆறு மாதங்களில் நிரலுக்கு அனுப்பப்பட்ட 1,838 படங்களில் 393 படங்களை, அதாவது ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சிய படங்களை, தரம் போதாது என்று நிரல் ஏற்க மறுத்தது. பெரும்பாலான மையங்களில் இருட்டாக்கத்தக்க தனி அறை இல்லை. இணைய வேகம் குறைந்தபோது வரிசை தேங்கியது. ஏற்கப்படாத படத்துக்குரியவர்கள் வேறொரு நாள் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டார்கள். தாங்கள் பார்த்தாலே நோயில்லை என்று தெரிகிற சில நோயாளிகளைக்கூட வீணாக அலைக்கழிக்க நேர்கிறதே என்று செவிலியர்கள் மனம் நொந்தார்கள். பின்னர் நடைமுறை திருத்தப்பட்டு, மறுக்கப்பட்ட படங்களை நோயாளியின் மருத்துவக் குறிப்புகளோடு கண் வல்லுநர் பார்வையிட ஏற்பாடு செய்யப்பட்டது. ஆய்வகத்தில் பிறந்த எண்ணுக்கும் சுகாதார மையத்தின் வெளிச்சமான அறைக்கும் இடையிலுள்ள தொலைவை அந்த அனுபவம் காட்டியது.

பொருளியல் மாணவர்களுக்குத் 'தேர்வுச் சார்பு' என்றொரு பாடம் உண்டு. வேலைக்குச் செல்லும் பெண்களின் ஊதியத்தை மட்டும் திரட்டி, எல்லாப் பெண்களுக்கும் சந்தையில் என்ன ஊதியம் கிடைக்கும் என்று கூற முற்பட்டால் விடை தவறும். ஏனெனில் வேலைக்குச் செல்லாதவர்கள் குலுக்கல் முறையில் விடுபட்டவர்கள் அல்லர். இச்சிக்கலைத் தீர்க்கும் முறையை வகுத்த ஜேம்ஸ் ஹெக்மன் 2000-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விழித்திரைப் படங்களிலும் இதே கதைதான். படம் விழாதவர்கள் தற்செயலாக அமைந்தவர்கள் அல்லர். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கும், கண்புரை கூடும். நீரிழிவின் ஆண்டுக்கணக்கு ஏற ஏற விழித்திரை நோயும் கூடும். நீரிழிவு கண்புரையையும் விரைவுபடுத்தும். ஆகவே படம் தெளிவாக விழாத கண், நோய் இருக்க வாய்ப்பு மிகுந்த கண்ணாகவும் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முகாமுக்கு 1,000 பேர் வருகிறார்கள். அவர்களுள் 100 பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் நோய் இருக்கிறது என்று கொள்வோம். 200 பேரின் படங்கள் தேறவில்லை. அந்த 200 பேருள் 40 பேர் நோயுள்ளவர்கள். படம் தேறிய 800 பேருள் மீதமுள்ள 60 நோயாளிகள் இருக்கிறார்கள். நிரல் அவர்களில் 90 விழுக்காட்டினரை, அதாவது 54 பேரைக் கண்டறிகிறது. விளம்பரத்தில் இடம்பெறும் எண் 90 விழுக்காடு. படம் தேறாதவர்கள் வேறெங்கும் செல்லாமல் வீடு திரும்பிவிட்டால், உண்மையில் கண்டறியப்பட்டவர்கள் நூற்றுக்கு 54 பேர்தான். அவர்களுள் பாதிப் பேர் மருத்துவமனைக்குச் சென்றால் எண்ணிக்கை 74 ஆகும். அனைவரும் சென்றால் 94. நிரல் மாறவில்லை, அதன் திறனும் மாறவில்லை. 54 ஆவதும் 94 ஆவதும், நிரலால் பார்க்க முடியாதவர்களை நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வாயிற்காவலன் கடுமையாக இருந்தால் கடினமான படங்கள் கணக்கிலிருந்து நீங்கிவிடும். எஞ்சிய எளிய படங்களில் நிரலின் துல்லியம் உயர்ந்து தோன்றும். தேர்வில் தோற்கக்கூடிய மாணவர்களைத் தேர்வெழுத விடாமல் நிறுத்திவிட்டு நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டும் பள்ளிகளை நாம் அறிவோம். கொள்முதல் ஒப்பந்தத்தில் துல்லியத்தை மட்டும் கேட்கும் அரசுத் துறை, அறியாமலே இந்தப் பழக்கத்துக்குப் பரிசளிக்கிறது. காவலன் மிகவும் தளர்ந்தாலோ, மங்கலான படத்துக்கும் 'நோயில்லை' என்ற சான்று கிடைத்துவிடும். எல்லைக்கோட்டை எங்கே வகுப்பது என்பது தொழில்நுட்பக் கேள்வி போலத் தோன்றினாலும், தவறின் விலையை யார் சுமப்பது என்ற கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது.

இப்போது அந்த விலையை நோயாளியே சுமக்கிறார். 'மருத்துவமனைக்குச் சென்று பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற ஒரு வரி, கூலி வேலை செய்பவருக்கு ஒரு நாள் ஊதிய இழப்பு, பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் இன்னொரு நாள் கூலி. பார்வை நன்றாக இருப்பதாக எண்ணுபவர் அச்செலவை எதற்காக ஏற்பார்? சாளரத்துக்கு ஒரு கறுப்புத் திரை, பத்து நிமிடக் காத்திருப்பு, ஒரு துளி மருந்து ஆகியவற்றில் முகாம் மிச்சப்படுத்தும் தொகை, பல மடங்காக நோயாளியின் தலையில் விடிகிறது. பொருளியலில் இதைப் புறச்செலவு என்போம்.

தீர்வு புதிய கண்டுபிடிப்பு எதையும் வேண்டுவதன்று. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் வட்டாரத்தில் நடைபெற்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், கண்மணியை விரிக்காமல் எடுத்தபோது 19.7 விழுக்காட்டினரின் படங்கள் தேறவில்லை. சொட்டு மருந்திட்டு எடுத்தபோது இது 3.7 விழுக்காடாகக் குறைந்தது. சொட்டு மருந்துக்குச் சங்கடங்கள் உண்டு: சிறிது நேரம் காத்திருக்க வேண்டும், சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டி ஓட்ட இயலாது. ஆகவே ஸ்காட்லாந்து படிப்படியான முறையைக் கைக்கொண்டது. முதலில் மருந்தின்றிப் படம். தேறாவிட்டால் மருந்திட்டு மீண்டும் படம். அதுவும் தேறாவிட்டால் ஸ்லிட் லேம்ப் எனப்படும் கருவியின் மூலம் நேரடிப் பரிசோதனை. இங்கிலாந்துத் திட்டத்திலும் படம் தேறாத கண் 'குறையில்லாத கண்' என்று கொள்ளப்படுவதில்லை. நேரடிப் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு ஐம்பது ஆண்டுகளாக முதற்காரணமாக இருந்த நீரிழிவு விழித்திரை நோய், 2009–10 பதிவுகளில் அந்த இடத்திலிருந்து இறங்கியது. இந்த மாற்றத்தில் நாடு தழுவிய பரிசோதனைத் திட்டத்துக்கும் பங்கிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நம் நாட்டில் செய்யத்தக்கவை என நான் கருதுபவை நான்கு. முதலாவது, முகாம்களும் நிறுவனங்களும் வெளியிடும் துல்லியக் கணக்கில் வந்தவர் அனைவரும் வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். படம் தேறாதோர் விழுக்காடு தனியாக அறிவிக்கப்பட வேண்டும். கொள்முதல் விதிகளிலேயே இதைச் சேர்க்கலாம்.

இரண்டாவது, இருட்டறை, காத்திருப்பு, மறுபடம், தகுதியுள்ளவர் மேற்பார்வையில் சொட்டு மருந்து ஆகியவை அதே நாளில், அதே இடத்தில் கிடைக்க வேண்டும். படமெடுப்பவரின் பயிற்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். ஐடிஎக்ஸ்-டிஆர் அனுமதிக்கு அடிப்படையான அமெரிக்க ஆய்வில், முன் அனுபவமற்ற பணியாளர்கள் நான்கு மணி நேரப் பயிற்சி பெற்றே படமெடுத்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குச் சொட்டு மருந்தும் இடப்பட்டது. 96 விழுக்காட்டினரின் படங்கள் தேறின. பயிற்சியும் மருந்தும் ஒழுங்கும் சேர்ந்தால் இது இயலும்.

மூன்றாவது, அப்படியும் படம் தேறாதவரின் பெயர் ஒரு பட்டியலில் ஏற வேண்டும். அவர் மருத்துவமனைக்குச் செல்லும் வரை அப்பட்டியலிலிருந்து நீங்கக்கூடாது. தமிழ்நாட்டில் இதற்கு வழி ஏற்கெனவே உண்டு. 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் நீரிழிவு மருந்துகளை வீடு தேடிக் கொண்டுசெல்கிறார்கள். அவர்கள் கையில் இப்பட்டியலும் இருந்தால், 'கண் பார்க்கப் போனீர்களா?' என்று கேட்க ஒருவர் கிடைப்பார்.

நான்காவது, பணம் வழங்கும் முறை. எடுத்த படங்களின் எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தால் படங்களே பெருகும். தெளிவான முடிவு பெற்றவர்களின் எண்ணிக்கைக்குக் கொடுப்பது மேல். ஆனால் அதிலும் ஆபத்துண்டு. மங்கலான படத்துக்கும் முடிவு கூறிப் பணம் பெறும் ஆசை எழும். ஆகவே ஏற்கப்பட்ட படங்களிலும் மறுக்கப்பட்ட படங்களிலும் ஒரு பகுதியை வெளியிலிருந்து ஒரு கண் மருத்துவர் குழு மறுபரிசீலனை செய்வது இன்றியமையாதது.

இவற்றோடு, செலவே இல்லாத ஒன்றும் உண்டு. சீட்டைத் தமிழில் அச்சிட வேண்டும். 'தரமற்ற படம்' என்று மொழிபெயர்த்தாலும் போதாது. அது படத்தைப் பற்றிப் பேசுகிறதே அன்றி, மனிதரைப் பற்றிப் பேசவில்லை. 'உங்கள் கண்ணை எங்களால் பார்க்க முடியவில்லை. நோய் இல்லை என்று இதற்குப் பொருள் அன்று. இந்தத் தேதியில், இந்த மருத்துவமனைக்கு வாருங்கள்' என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவர் அதை வாயாலும் சொல்ல வேண்டும்.

அக்காவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சையும் லேசர் சிகிச்சையும் முடிந்துவிட்டன. இடக்கண்ணால் நாளிதழ் படிக்கிறார். வலக்கண்ணில் இழந்த பார்வை திரும்பாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஐந்து மாதங்களுக்கு முன் வந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நான் கேட்டதற்கு, அதைத் திட்டவட்டமாகக் கூற இயலாது என்றார் அவர். அந்த விடையோடு நான் வாழப் பழகிக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் கண் முகாமுக்குச் சென்று வந்த முதியவர் இருக்கக்கூடும். அவர் பத்திரமாக வைத்திருக்கும் சீட்டை இன்றே வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.